மாராத்தாளின் எடை

குமிழம்பாளையத்தில் முதல் மின்விளக்கு எரிவதற்கு வெகுகாலம் முன்பே அதைத் தன் தலைக்குள் எரியவிட்டுப் பார்த்துவிட்டவர் என்றும், மலைப்பாதையில் முதல் மோட்டார் ஏறுவதற்கு முன்பே அதன் ஒவ்வொரு வளைவையும் கட்டிலில் படுத்தபடி கைகளால் ஓட்டிப் பழகிவிட்டவர் என்றும் எங்கள் ஊரில் சென்னியப்பனைப் பற்றிச் சொல்வார்கள், சொல்லும்போது எல்லோருக்கும் குரல் கொஞ்சம் உயரும், பிறகு அந்த வண்டியைப் பற்றிய பேச்சு வந்ததும் அதே குரல் தானாகத் தணியும், யாராவது ஒருவர் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

பஞ்சு ஆலையில் ஓடாமல் கிடந்த எண்ணெய் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டும்போது சில உறுப்புகளை வேண்டாமென்று வெளியே எறிந்துவிட்டு, முன்னைவிட நன்றாக அதை ஓடவைத்தபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பிறகு காந்தத்தையும் தாமிரக் கம்பியையும் வைத்துத் தானே ஒரு டைனமோ செய்து, தன் மாட்டுத் தொழுவத்தில் ஒரு விளக்கை எரியவிட்டார். மாடுகள் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கத்தின, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். "சாமி இல்லீங்க, செம்புக் கம்பிதான், செருப்பப் போட்டுக்கங்க" என்று அவர் சிரித்தார். அவர் கோயிலுக்குப் போகாதவர், நல்ல நேரம் பார்க்காதவர், தாகம் எடுத்தால் யார் வீட்டு வாசலிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர். இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், பின்னால் நடந்ததை ஒரு கெட்டவன் செய்த காரியம் என்று நினைத்துக்கொண்டு நாம் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவோம்.

மலைக்கு மேலே குளிர்காடு என்ற தேயிலைத் தோட்டத்து ஊருக்குப் பாதை போட்டபோது, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சேரிதான் அதைப் போட்டது. ஆண்கள் பாறையை வெடித்தார்கள், பெண்கள் கல் உடைத்தார்கள். மாராத்தாள் அப்படிக் கல் உடைத்தவள். அவள் புருஷன் வெடி வைத்த இடத்திலிருந்து ஓடிவர நேரம் போதாமல் போனவன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்த அவளுக்கு ஒரே ஒரு மகள், சின்னி, அவளைக் குளிர்காட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

பாதை முடிந்தது. சென்னியப்பன் அடிச்சட்டமும் எஞ்சினும் வரவழைத்து, மேலே தேக்குப் பலகையில் தன் பட்டறையிலேயே கூண்டு கட்டி, வண்டியைத் தயார்செய்தார். டிக்கெட் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பு ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள், கோயில் தர்மகர்த்தா வந்தார், பஞ்சு வியாபாரிகள் வந்தார்கள், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் வந்தார். யாரும் மிரட்டவில்லை. காபி குடித்தார்கள், வண்டியைத் தட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள், கிளம்பும்போது தர்மகர்த்தா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க சென்னியப்பா. வீட்டுப் பொம்பளைங்க ஏற மாட்டாங்க, அவ்வளவுதான்."

அந்த டிக்கெட்டின் கீழே ஒரு வரி வந்தது: சேரிக்காரர்களுக்கு இந்த வண்டியில் இடமில்லை. "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று சொல்லிக்கொண்டேதான் சென்னியப்பன் அதை அச்சுக்குக் கொடுத்தார். நம்பிக்கை இருந்து ஒன்றைச் செய்கிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று ஊருக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாமல் அதையே செய்கிறவனுக்கு என்ன பெயர் என்று நான் பல வருடங்களாக யோசிக்கிறேன். யோசிக்கிறபோதெல்லாம் எனக்குத் தெரிந்த நிறையப் பேரின் முகம் வருகிறது, சவரக் கண்ணாடியில் தெரிகிற முகமும் அதில் ஒன்று.

முதல் நாள் வண்டி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்டு ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது மாராத்தாள் அங்கே கையை நீட்டி நின்றாள். கண்டக்டர் நஞ்சப்பன், சென்னியப்பனின் மனைவிக்குத் தம்பி, படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தான்.

"எடம் இருக்குங்களா சாமி?"

"இல்ல."

"அந்தா, முன்னாடி காலியாத்தானே கெடக்குது."

"அது காலி இல்ல. அதுல உக்காரப் போறவங்க இன்னும் வரல."

உள்ளே சிரித்தார்கள். மாராத்தாளும், நல்ல பதில்தான் என்பதுபோல, கொஞ்சம் சிரித்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். வண்டி கிளம்பியது. கிளம்பும்போது, யாரோ ஏறி உட்கார்ந்ததைப்போல, வண்டியின் பாரம் தாங்கும் முன்பக்கத்துக் கமான் பட்டை ஒருமுறை முனகிக்கொண்டு கீழே இறங்கியது.

அன்றைக்கு வண்டி முதல் வளைவிலேயே திணறியது. ஆட்களை இறக்கித் தள்ளினார்கள், அப்போதும் கனத்தது. நஞ்சப்பன் கூரைமேல் ஏறி யாராவது திருட்டுத்தனமாகப் பஞ்சுப்பொதி ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் சந்தைக்குப் போகிறவர்கள், தோட்டத்தில் வேலை தேடுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று சேரியிலிருந்து நிறையப் பேர் பாலத்தில் கை நீட்டினார்கள், நிறையப் பேருக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது, வண்டி ஒவ்வொரு நாளும் கனத்தது. காலியான வண்டி குளிர்காட்டில் நிற்கும்போதும் கமான் பட்டைகள் கல்யாணக் கூட்டத்தைச் சுமப்பதுபோல அமுங்கியே கிடந்தன. சாயங்காலம் ஊருக்கு இறங்கி, வண்டிக் கொட்டகைக்கு வந்து, எஞ்சின் சூடு ஆறிய பிறகுதான் அவை மெதுவாக, ஒவ்வொன்றாக, மேலே எழும்பின.

விஷயம் என்னவென்று கண்டுபிடித்தது மதகுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த கொத்தனார். பூசி முடித்த ஈரத்தின்மேல் மாராத்தாள் தன் நினைப்பில் நடந்து போய்விட்டாள். கொத்தனார் கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தியவர், கீழே பார்த்துவிட்டு நிறுத்தினார். சிமெண்டில் ஒரு சுவடும் இல்லை.

"அடி இவளே, உனக்குக் கால் இருக்குதா இல்லியா?"

"காலு இருக்குதுங்க. பாரந்தான் மோட்டார்ல போயிருச்சு" என்றாள் மாராத்தாள்.

அவளுக்கும் அவளோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. வண்டியில் ஏற விடாத கணத்தில் அவர்களுடைய எடை மட்டும் வண்டியில் ஏறிக்கொண்டது. உடம்பு நடந்து போனது. புல் வளையாமல் அவர்கள் மலை ஏறினார்கள், வண்டிக்கு முன்னாலேயே குளிர்காட்டுக்குப் போய்ச் சேர்ந்து வண்டி வருவதை வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலம் மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது உலக்கை திடீரென்று கனத்து இறங்கும், உடனே மாராத்தாள், "வண்டி கொட்டாய்க்கு வந்துருச்சு, வெளக்கப் பொருத்துங்க" என்பாள். "நாம நடந்து போறோம், நம்ம பாரத்துக்கு மட்டும் மோட்டாரு. மைசூர் மகாராசாவுக்குக்கூட இந்தச் சொகுசு இல்ல" என்று சொல்லி அவள் சிரிக்கும்போது சேரியே சிரிக்கும்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. முதலில் கொட்டகைக்கு முன்னால் ஒரு கிடா வெட்டினார்கள், பலனில்லை, கறி நன்றாக இருந்தது. பிறகு, இது அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று பேச்சு எழுந்தது. "அவங்களுக்கென்னங்க, காத்தாட்டம் போறாங்க, நமக்குத்தான் குலுங்கிக் குலுங்கி இடுப்பு ஒடியுது" என்று வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பெருமூச்சு விட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்கள்தான் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். எடை இல்லாதவன் போடுகிற மண்வெட்டி மண்ணில் இறங்கவில்லை, எடை இல்லாத கால் மிதித்தால் சேறு குழையவில்லை. வேலை கெடுகிறது என்று அவர்கள் முறையிட்டதால், பாலத்தில் யாரும் கை நீட்டக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். சேரிக்காரர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், அப்போதும் எடை ஏறியது. வண்டியைப் பார்க்கவே கூடாது என்றார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றவர்களின் எடையும் ஏறியது, அதோடு அது கொஞ்சம் கூடுதலாக இருந்ததாக டிரைவர் சொன்னார்.

ஒருநாள் கொட்டகையில் நஞ்சப்பன்தான் அதை வாய்விட்டுக் கேட்டான். "மாமா, உள்ள உக்கார வெச்சாலும் அதே பாரம், வெளிய நிறுத்தினாலும் அதே பாரம். உள்ள வெச்சா டிக்கெட்டாச்சும் கிழிக்கலாமே?"

சென்னியப்பன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஒரு திருகாணியை இறுக்கி முடித்தார். பிறகு இருட்டுக்குள்ளிருந்து, "முதல்ல வண்டி ஓடட்டும் மாப்ள. ஓட ஆரம்பிச்சா எல்லாம் தானா மாறும்" என்றார்.

"ஓடத்தானே மாட்டேங்குது."

"ஓட வைக்கறேன்."

ஓட வைத்தார். அவர் வாழ்க்கை முழுவதும் செய்தது அதுதான். பாரத்தைத் தாங்குவதற்காகப் புது மாதிரிக் கமான் பட்டையை வார்த்தார், அதை வார்ப்பதற்காக ஒரு இரும்புப் பட்டறை போட்டார், பட்டறை பெரிதானது. பெட்ரோல் எஞ்சின் போதாது என்று மின்மோட்டார் செய்யக் கற்றுக்கொண்டார், அந்த மோட்டாரைக் கிணற்றில் இறக்கினால் தண்ணீர் ஏறும் என்று கண்டபோது மானாவாரிக் காடெல்லாம் தோட்டமானது. மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும் என்று மலையில் விழுந்துகொண்டிருந்த வெள்ளியருவியைக் குழாய்க்குள் இறக்கிச் சக்கரம் சுற்றவைத்தார், எங்கள் தெருக்களில் விளக்கு எரிந்தது, பஞ்சு ஆலைகள் இரட்டிப்பாயின, ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் மின்விசிறி சுற்றியது. இன்றைக்கு எங்கள் ஊரில் எத்தனை பட்டறைகள் உண்டோ அத்தனையும், எத்தனை வீட்டில் சோறு பொங்குகிறதோ அத்தனையும், டிக்கெட்டிலிருந்து ஒரு வரியை எடுக்காமலிருப்பதற்காக ஒரு மனிதர் பட்ட பாட்டிலிருந்து முளைத்தவை. அந்த மனிதருக்கு அது தெரியும். அவரைவிட எங்களை மோசமானவர்களாக ஆக்குவது, நாங்கள் அதைப்பற்றி யோசிக்காமல் இருந்ததுதான்.

ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் காற்று மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும், தென்னை மட்டையைப் பிய்த்துக்கொண்டு வரும், ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். முதல் ஆடியிலேயே எடை இல்லாமல் நடந்த ஒருவன் பறந்துபோய்ப் புளியமரத்தில் சிக்கினான், ஏணி வைத்து இறக்கினார்கள், ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. அதற்குப் பிறகு ஆடியில் பாதையில் நடப்பவர்கள் மடியில் கல்லைக் கட்டிக்கொண்டார்கள், அவர்களே உடைத்துப் போட்ட ஜல்லி, பாதையோரத்திலேயே கிடந்தது. பெண்கள் முந்தானையில் கட்டினார்கள், ஆண்கள் துண்டில் கட்டினார்கள், வண்டியில் போகிறவர்கள் அதையும் பார்த்துப் பழகினார்கள்.

அப்படி ஒரு ஆடியில்தான் சென்னியப்பனின் மின்சார வண்டி தயாரானது. பாதை நெடுக மேல்கம்பி இழுத்து, கூரைமேல் நீண்ட இரும்புக் கையால் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு, புகையில்லாமல், சத்தமில்லாமல், எவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கொண்டு மலையேறப் போகிற வண்டி. அவர் கூரைமேல் நின்று அந்தக் கையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாராத்தாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள், மடியில் கல் கனத்துத் தொங்கியது.

"சாமி, ஒரு வார்த்த."

"என்ன மாராத்தா?"

"சின்னிக்கு நாள் நெருங்கிருச்சுங்க. தலப்பிரசவம். அங்க அவளுக்குச் சொந்தம்னு ஒரு நாதி இல்ல."

"உனக்கென்ன, எங்க வண்டிக்கு முன்னால போய் நிப்பியே" என்றார் அவர். சொன்ன பிறகு, கையிலிருந்த குறட்டைத் தேவையில்லாமல் ஒருமுறை திறந்து மூடினார்.

"போயிருவனுங்க. கல்லக் கட்டிட்டுப் போனா போய்ச் சேந்துரலாம். ஆனா போயி என்ன பண்றது? உங்க வண்டி கொட்டாய்க்கு வர்ற வரைக்கும் என் கையில பெலம் இருக்காதுங்க. தண்ணிக் கொடத்தத் தூக்க முடியாது. புள்ள பகல்ல வந்துச்சுன்னா, அவ இடுப்பப் புடிக்கறதுக்கு எனக்குக் கை வேணுமில்லீங்களா?"

அவள் கைகளை நீட்டிக் காட்டினாள். சுத்தியல் பிடித்துக் காய்ப்பேறிய கைகள், அவர் கைகளில் இருந்ததைப் போன்ற அதே காய்ப்பு. அவர் கூரையிலிருந்து இறங்கி வந்தார்.

"வெள்ளிக்கிழமை வண்டி கெளம்புது. பாலத்துக்கிட்ட நில்லு. நாந்தான் ஓட்டறேன். நானே நிறுத்தி உன்ன ஏத்திக்கறேன்."

"நெசமாவுங்களா?"

"நெசமாத்தான்."

அவள் போகத் திரும்பி, மறுபடி நின்றாள். "காத்து பலமா இருக்குதுங்க. எதுக்கும் கல்லக் கட்டிக்கட்டுங்களா?"

"எதுக்குக் கல்லு? வண்டிக்குள்ள காத்தா அடிக்குது?"

சொன்னபோது அவர் மனதாரச் சொன்னார் என்றுதான் நான் நம்புகிறேன். அது அவர் குற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு விதமாகத் தோன்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு வாழைமரம் கட்டினார்கள், நாதஸ்வரக்காரர்கள் பாலம்வரை முன்னால் வாசித்துக்கொண்டே நடந்து, பாலத்தில் ஒதுங்கி நின்றார்கள். வண்டிக்குள் ஜில்லாவிலிருந்து வந்த அதிகாரிகள் இருந்தார்கள், தர்மகர்த்தா இருந்தார், ஹெட்மாஸ்டர் இருந்தார், ஊரில் யாரெல்லாம் முக்கியமோ எல்லோரும் இருந்தார்கள். முன்னால், சென்னியப்பனுக்குப் பக்கத்து இருக்கையை மட்டும் அவர் துண்டு போட்டு வைத்திருந்தார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கலெக்டருக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாராத்தாள் மஞ்சள் சேலை கட்டி நின்றாள், இடுப்பில் ஒரு சின்ன மூட்டை, அதில் விளக்கெண்ணெயும் சுக்கும் கருப்பட்டியும் கிழிந்த பழைய சேலைத் துணிகளும். மடியில் கல் இல்லை. கையை நீட்டவும் இல்லை, வாக்குக் கொடுத்த வண்டிக்கு எதற்குக் கை நீட்ட வேண்டும். வீட்டுக்கு வருகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவள் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் கைப்பிடியை இழுத்தார். வேகம் குறைந்தது. சத்தமில்லாத வண்டி என்பதால் உள்ளே மூச்சு விடுவதுகூடக் கேட்டது, தர்மகர்த்தா சாதாரணமாகக் கேட்டதும் எல்லோருக்கும் கேட்டது. கோபம் எதுவும் அதில் இல்லை.

"என்ன சென்னியப்பா, இங்க எதுக்கு?"

"வளைவு வருதுங்க, அதான்" என்றார் சென்னியப்பன்.

பாலத்தில் வளைவு கிடையாது. எங்கள் ஊர்ப் பாதையிலேயே நூல் பிடித்ததுபோல நேராக இருக்கும் இடம் அதுதான். உள்ளே இருந்த எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கைப்பிடியை மறுபடி முன்னால் தள்ளினார். தாண்டும்போது ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, உதட்டுக்குள், "அடுத்த வண்டி, மாராத்தா" என்றார்.

முன் இருக்கை, துண்டு போட்டிருந்த அந்த இருக்கை, யாரோ ஏறி உட்கார்ந்ததைப்போல அமுங்கியது.

பாலத்துக்கு மேலே மடியில் கல்லோடு நடந்துகொண்டிருந்த மற்றச் சேரிக்காரர்களின் எடையும் வழியில் ஏறிக்கொண்டது. வண்டி திணறவில்லை. ஒரு வளைவிலும் திணறவில்லை. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் உள்ளே கை தட்டினார்கள், ஹெட்மாஸ்டர் ஆங்கிலத்தில் வாழ்த்தினார். சென்னியப்பன் மட்டும் திரும்பாமல் ஓட்டினார். தான் செய்ததிலேயே மிகச் சிறந்த இயந்திரம் இதுதான் என்று அன்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

பாலத்தில் நடந்ததை நாதஸ்வரக்காரர்கள்தான் பார்த்தார்கள். வண்டி போனதும் மாராத்தாள் ஒரு அடி எடுத்து வைத்தாளாம், அந்த அடி தரையில் படவில்லையாம். மேற்கேயிருந்து காற்று வந்தது. அவள் மேல்கம்பிக்கு நட்டிருந்த தூணைப் பிடிக்கப் பார்த்தாள், மூட்டையை மார்போடு அணைத்துப் பார்த்தாள், மூட்டைக்கு எடை இருந்தது, அவளைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இல்லை. தவில்காரர் தவிலைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிக் குதித்தார், அவருடைய கைக்கு அவள் குதிகால் ஒரு கணம் எட்டியது, வெடித்த அந்தக் குதிகாலின் சொரசொரப்பு சாகும்வரை உள்ளங்கையில் இருந்ததாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கூச்சல் போடவில்லை. "சின்னீ" என்று மட்டும் ஒருமுறை கூப்பிட்டாளாம். மகள் மேற்கே இருந்தாள், காற்று அவளைக் கிழக்கே கொண்டுபோனது. மூட்டை மட்டும் பாதையில் கிடந்தது, விளக்கெண்ணெய்ச் சீசா உடையாமல்.

சாயங்காலம் வண்டி மாலைகளோடு கொட்டகைக்கு வந்தது. அதற்குள் செய்தியும் வந்திருந்தது. ஆற்றைத் தாண்டிச் சேரி முழுவதும் கொட்டகைக்கு ஒரு பக்கம் வந்து நின்றது, ஊர் இன்னொரு பக்கம் நின்றது, எல்லோருடைய கண்ணும் முன்பக்கத்துக் கமான் பட்டைமேல் இருந்தது. அது எழும்பினால் எங்கோ ஒரு வயல்வெளியில், ஒரு மரத்தடியில், அவளுடைய எடை அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மோட்டார் ஆறியது. மற்றவர்களின் எடை ஒவ்வொன்றாக இறங்கிப் போனது, மற்றப் பட்டைகள் எழும்பின, சேரிக்காரர்களின் கால்கள் ஒவ்வொரு ஜோடியாக மண்ணில் அழுந்தின. முன்பக்கத்துப் பட்டை மட்டும் அப்படியே அமுங்கிக் கிடந்தது. வெளிச்சம் போயிற்று. அவர் செய்த விளக்குகள் தெருவெங்கும் தாமாக எரிந்தன, அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

"எந்திரிங்க மாமா" என்றான் நஞ்சப்பன்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றார் அவர்.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. கிழக்கே போன வியாபாரிகள் அங்கே ஓர் ஊரில் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி நெல் காயப்போடுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள், நன்றாக இருக்கிறாளாம் என்றார்கள், நாங்கள் அதைச் சந்தோஷமாக நம்பினோம், போய்ப் பார்த்துவர ஒருவரும் கிளம்பவில்லை. அந்த முன் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் யாருடைய மடியிலோ உட்கார்ந்ததுபோல இருக்கிறது என்று எழுந்துவிட்டார்கள், பிறகு யாரும் உட்காராமல் விட்டார்கள், கொஞ்ச நாளில் அது ஒரு மரியாதை என்று பேசிக்கொண்டார்கள். சென்னியப்பன் இருக்கையை அறுத்து எடுத்துப் பார்த்தார், எடை தரையில் இருந்தது. தரைப்பலகையை மாற்றினார், எடை சட்டத்தில் இருந்தது. இருக்கையை மறுபடி பூட்டினார், அது மறுபடி அமுங்கியது. ஏற்றுவதற்கு அத்தனை வழி கண்டவருக்கு ஒரே ஒருத்தியின் பாரத்தை இறக்க வழி தெரியவில்லை.

அடுத்த ஆடி வருவதற்குள் சர்க்கார் உத்தரவு வந்தது: அந்த வரி டிக்கெட்டில் இருந்தால் வண்டிக்கு அனுமதி கிடையாது. ஒரு காகிதம், ஒரு முத்திரை, அவ்வளவுதான். வரி போயிற்று. வீட்டுப் பெண்கள் வழக்கம்போல ஏறினார்கள். தர்மகர்த்தா, தான் எப்போதுமே அதற்கு எதிராகத்தான் இருந்ததாகச் சொன்னார்.

உத்தரவு வந்த பிறகு முதல் நாள் குளிர்காட்டிலிருந்து வண்டி இறங்கும்போது, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் பகலில், தோட்டத்துக் குடியிருப்பில் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி இடுப்பைப் பிடிக்க, பிழைத்துப் பிறந்த குழந்தை அது.

"எடம் இருக்குங்களா?" என்று சின்னி கேட்டாள்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் அவரைத் தாண்டி ஏறி, முன்னால் வந்து, அமுங்கிக் கிடந்த அந்த இருக்கையைப் பார்த்தாள். உட்காரவில்லை. குழந்தையை அதன்மேல் படுக்கவைத்துவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள். வளைவுகளில் நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தோம், கூடைகள் உருண்டன, குழந்தை மட்டும் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. யாரோ பிடித்துக்கொண்டிருப்பதைப்போல அது கண்ணைத் திறந்து மேலே பார்த்துச் சிரித்தபடி கிடந்தது. சென்னியப்பன் முன்னால் தொங்கிய கண்ணாடியில் அதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

பாலத்தில் அவள் இறங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்கையைக் காட்டிச் சொன்னாள்: "எங்காத்தாள எறக்கி உடுங்க."

"எத்தனையோ பண்ணிப் பாத்துட்டேம்மா. எறங்க மாட்டேங்குது."

"ஏத்துனாத்தானுங்க எறக்க முடியும்" என்றாள் சின்னி. பாக்கிச் சில்லறை கேட்பவளின் குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அக்கரைக்கு நடந்தாள், அவள் காலடிகள் மணலில் ஆழமாகப் பதிந்தன.

மறுநாளிலிருந்து, ஒவ்வொரு முறை பாலத்துக்கு வரும்போதும் சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார். கைப்பிடியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத பாதையைப் பார்த்து, "ஏறுங்கம்மா, எடம் இருக்குது" என்பார். காற்றடித்தாலும் மழையடித்தாலும் ஒருத்தி மூட்டையோடு மெதுவாகப் படியேறி உட்காருகிற நேரம்வரை காத்திருப்பார். தர்மகர்த்தா ஒருமுறை மறுபடி, "இங்க எதுக்கு?" என்று கேட்டார். "ஆளு ஏறணுமுங்க" என்றார். அந்த ஒரு பதிலை ஒரு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கை தளர்ந்து வண்டி ஓட்ட முடியாமல் போனபிறகு பாலத்துக்கு நடந்து வந்து நின்று சொன்னார். கமான் பட்டை எழும்பாமலேயே அவர் இறந்துபோனார்.

அந்த வண்டி இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அவர் சிலைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. ஒரு பக்கம் சாய்ந்திருப்பது பழசானதால் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பலகையில் அவர் கண்டுபிடித்தவை எல்லாம் எழுதியிருக்கின்றன, எதற்காகக் கண்டுபிடித்தார் என்பது இல்லை. ஆனால் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. மலைக்குப் போகிற எந்த பஸ்ஸும் பாலத்தில் நிற்கிறது. டிரைவர் மாறினாலும், கண்டக்டர் வெளியூர்க்காரராக இருந்தாலும், கதவு திறக்கிறது, யாரோ ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்கிறார். வெளியே பாதையும் ஆறும் ஆடிக் காற்றும்தான் இருக்கின்றன. யாரும் ஏறுவதில்லை. உள்ளே நாங்கள், செல்போனையும் ஜன்னலையும் மடியையும் பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல், ஒவ்வொருவரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறோம், ஒவ்வொரு இருக்கையிலும் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் வந்துவிடுகிறது.